பிளாக் விடும் நேரம்

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "ரொம்ப வலிக்குமா?" என்பதைத்தான். சில வருட இடைவெளியில் இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்டவள் என்பதால் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். வலிக்கும். ஆனால் எப்போது வலிக்கும் என்பதுதான் முக்கியம். ஆபரேஷன் நடக்கும்போது வலிக்காது. முடிந்த கையோடும் வலிக்காது. அன்று சாயங்காலம் பார்க்க வருகிறவர்களிடம், "ஒண்ணுமே தெரியலைங்க, இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுக்குக் காரணம் தொடையில் போட்ட நரம்பு பிளாக், அதாவது காலுக்கு வரும் நரம்பைச் சில மணி நேரம் மரக்க வைக்கும் ஊசி. அது விடும் நேரம் ஒன்று வரும். பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் வரும். அதற்குத் தயாராக இருந்தால் முதல் இரண்டு நாள் ஒரு மாதிரி போகும், இல்லாவிட்டால் வேறு மாதிரி போகும். எனக்கு ஒரு காலில் அதுவும், மறு காலில் இதுவும் நடந்தது.

நான் டாக்டர் இல்லை. படுத்திருந்த நாட்களில் என் மயக்க மருந்து டாக்டரைக் கேள்வி கேட்டே ஓய வைத்தவள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன். அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முழங்கால் ஆபரேஷன் ஏன் இவ்வளவு வலிக்கிறது? தேய்ந்துபோன குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. ஆனால் அதன் அடியில் இருக்கும் எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள உறை, முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திட்டு எல்லாவற்றிலும் நரம்பு நிறைய. சர்ஜன் தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியையும் செதுக்கி உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பொருத்துகிறார். அதோடு விடுவதில்லை. மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். அடிபட்ட இடத்துக்கு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும் என்பது நாம் பழகிய கணக்கு. இங்கே ஓய்வு கொடுத்தால் மூட்டு இறுகிவிடும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். வலிக்கிற மூட்டைத்தான் மடக்கி நீட்ட வேண்டும். அதனால்தான் இந்த ஆபரேஷனில் வலி நிவாரணத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், முழங்காலுக்கு வரும் நரம்பு ஒன்றல்ல. முன்பக்கத்துக்குப் பெரும்பாலும் ஃபெமரல் நரம்பின் கிளைகள். இடுப்பு மடிப்பிலிருந்து தொடையின் முன்பக்கமாக இறங்கி வருபவை. பின்பக்கத்துக்கு சயாட்டிக் நரம்பின் கிளைகள். உள்பக்கமாகக் கொஞ்சம் ஆப்டுரேட்டர் நரம்பு. ஆகவே ஒரே ஊசியில் முழு முட்டியையும் மரக்க வைக்க முடியாது. "பிளாக் போட்டும் பின்னாடி வலிக்குதே, சரியா போடலையா?" என்று என் பக்கத்துக் கட்டில் அம்மா சண்டைக்குப் போனார். பிளாக் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அது முன்பக்கத்துக்கான பிளாக்.

ஸ்பைனல், அதாவது முதுகில் போடும் ஊசி வேறு, இது வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்பைனல் ஆபரேஷனுக்காக. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் மரத்துப்போகும், சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். நரம்பு பிளாக் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வலிக்காக. ஒரு காலுக்கு மட்டும்தான். ஒரே ஊசியாகப் போட்டால் ஏறத்தாழ 12 முதல் 24 மணி நேரம் வரை தாங்கும். மருந்து, அளவு, உடம்பு இவற்றைப் பொறுத்து முன்பின் ஆகும்.

இரண்டாவது முழங்காலுக்கு பிளாக் போட்டபோது நான் விழித்துக்கொண்டிருந்தேன். முதலில் பெயர் கேட்டார்கள். எந்தக் கால் என்று கேட்டார்கள். பேனாவால் குறி போட்டிருந்த காலைப் பார்த்தார்கள். ஊசியைக் கையில் எடுத்த பிறகு, குத்துவதற்கு முன் இன்னொரு தடவை, "எந்தக் காலும்மா?" "சொன்னேனே சார், வலது கால்." "தெரியும்மா, இருந்தாலும் கேக்கணும்." ஆபரேஷன் செய்யும் காலை விட்டு மற்றக் காலில் பிளாக் போடுவது உலகம் முழுக்க நடந்திருக்கிற தவறு. அதைத் தடுக்கத்தான் குத்துவதற்கு முன் ஒரு கணம் நின்று கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டால் எரிச்சல் படாதீர்கள். கேட்காவிட்டால்தான் நீங்களாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம் டாக்டர் தொடையின் உள்பக்கம் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் ஒரு கறுப்பு வட்டம் துடித்துக்கொண்டிருந்தது. "அதுதான் உங்க தொடை ரத்தக் குழாய். அது பக்கத்துலதான் நமக்கு வேண்டிய நரம்பு." மேலே கூரை மாதிரி மூடியிருப்பது சார்டோரியஸ் தசை, உடம்பிலேயே நீளமான தசை அதுதான். தோலில் முதலில் மெல்லிய ஊசியால் மரக்க வைத்தார். அடுத்து வந்த நீள ஊசி திரையில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மருந்து உள்ளே போகப் போக ரத்தக் குழாயைச் சுற்றிக் கறுப்பாகப் பரவியது. அழுத்தம் தெரிந்தது, வலி பெரிதாக இல்லை. முழுக்க முடிய சில நிமிடங்கள்தான்.

ஸ்கேன் வருவதற்கு முன் இதைக் குத்துமதிப்பாகத்தான் செய்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. உடலமைப்பு அடையாளங்களை வைத்து ஊசியைச் செலுத்தி, காலில் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கிறதா என்று நோயாளியைக் கேட்பார்கள். பின்னர் ஊசி முனையில் மெல்லிய மின்சாரம் கொடுத்து, முட்டிச் சில்லு துள்ளுகிறதா என்று பார்த்து நரம்பைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் சில இடங்களில் அந்தக் கருவியை ஸ்கேனோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

எனக்குப் போட்டதன் பெயர் அடக்டர் கெனால் பிளாக். தொடையின் நடுப்பகுதியில் தசைகளுக்கு நடுவே ஓடும் அந்தக் குழாய்ப் பாதையை ஹண்டர் கெனால் என்றும் சொல்வார்கள். லண்டனில் இருந்த ஜான் ஹண்டர் என்ற சர்ஜன், 1785இல், முழங்காலுக்குப் பின்னால் ரத்தக் குழாய் வீங்கிய ஒரு குதிரை வண்டிக்காரருக்கு அந்த இடத்தில்தான் ரத்தக் குழாயைக் கட்டினார். அந்தக் காலத்தில் அந்த நோய்க்குக் காலையே எடுத்துவிடுவார்கள். அவர் காலைக் காப்பாற்றினார். மரக்க வைக்கும் மருந்து கண்டுபிடிக்க இன்னும் நூறு வருடம் இருந்தது. அந்த வண்டிக்காரரை நினைத்துக்கொண்டால் நம் வலியைப் பற்றிப் பேசவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மருந்து என்ன செய்கிறது? நரம்பு வழியே வலி போவது என்றால், நரம்பிழையின் சுவரில் உள்ள நுண்ணிய வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து சோடியம் உள்ளே பாய்வதுதான். புபிவகெய்ன், ரோபிவகெய்ன் போன்ற மருந்துகள் அந்தச் சுவரைக் கடந்து உள்ளே போய், உள்பக்கமிருந்து வாயிலை அடைத்துக்கொள்கின்றன. செய்தி அந்த இடத்திலேயே நின்றுவிடும். முழங்காலில் காயம் இருக்கிறது, வீக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது, மூளைக்குத்தான் தகவல் இல்லை. மருந்து மெதுவாக ரத்தத்தில் கலந்து வெளியேறியதும் வாயில்கள் திறக்கும். நரம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இனி முதல் முழங்கால் கதை. அப்போது எனக்குப் போட்டது ஃபெமரல் பிளாக், இடுப்பு மடிப்பில். வலி நிவாரணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஃபெமரல் நரம்புதான் தொடையின் முன்பக்கத் தசையை இயக்குவதும். முழங்காலை நீட்டுவதும், நிற்கும்போது மடங்காமல் தாங்குவதும் அந்தத் தசைதான். நரம்பை அவ்வளவு மேலேயே அடைத்தால் வலியோடு வலுவும் போய்விடும். அன்று சாயங்காலமே பிசியோதெரபி செய்ய வந்த பெண் வாக்கரைக் கொடுத்து எழுந்து நிற்கச் சொன்னாள். நின்றேன். அடுத்த நொடி கால் துணி மாதிரி மடிந்தது. அவள் இடுப்பைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன். வலிக்கவே இல்லை என்பதுதான் அதில் பயங்கரம். வலித்திருந்தால் அந்தக் காலை நம்பி எடையைப் போட்டிருக்க மாட்டேன்.

அடக்டர் கெனாலுக்கு வரும்போது தசைக்குப் போகும் கிளைகளில் பெரும்பாலானவை மேலேயே பிரிந்து போயிருக்கும். மிஞ்சுவது முக்கியமாக சஃபினஸ் நரம்பும், தொடையின் உள்பக்கத் தசைக்குப் போகும் ஒரு கிளையும். சஃபினஸ் உணர்வைச் சுமப்பது மட்டுமே, தசையை இயக்காது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆரோக்கியமான ஆட்களுக்கு இரண்டு பிளாக்கையும் போட்டுத் தொடை வலுவை அளந்து 2013இல் வெளியிட்டார்கள். ஃபெமரல் பிளாக்கில் வலு 49 சதவீதம் குறைந்தது, அடக்டர் கெனாலில் 8 சதவீதம். இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பிறகுதான் பல ஆஸ்பத்திரிகள் மூட்டு மாற்றுக்கு ஃபெமரலை விட்டு அடக்டர் கெனாலுக்கு மாறின. என் இரண்டாவது காலில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. ஸ்பைனல் தெளிந்ததும் விரல்களை அசைக்க முடிந்தது, காலை நேராகக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தூக்கவும் முடிந்தது. அதற்காகத் தனியாக எழுந்து பாத்ரூம் போகலாம் என்று அர்த்தம் இல்லை. எந்த பிளாக்காக இருந்தாலும் முதல் நாள் ஆள் துணை இல்லாமல் எழவே கூடாது. ஆபரேஷனே தொடைத் தசையைப் பலவீனமாக்கிவிடும், பிளாக் போடாதவர்களும் விழுந்திருக்கிறார்கள்.

பின்பக்க வலிக்கு ஐபேக் என்று ஒரு ஊசி இருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் ரத்தக் குழாய்க்கும் மூட்டு உறைக்கும் நடுவே மருந்தைப் பரப்புவது. சயாட்டிக் நரம்பையே அடைத்தால் பின்பக்கம் முழுக்க மரத்துவிடும்தான். ஆனால் பாதமும் தொங்கிவிடும். ஆபரேஷனில் பாதத்துக்குப் போகும் நரம்புக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று சர்ஜன் சோதிக்கவும் முடியாமல் போகும். முட்டி உள்பக்கமாக ஒட்டி, கீழ்க்கால் வெளிப்பக்கமாக வளைந்திருப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் கவனமாக இருப்பார்கள். இது தவிர, தைப்பதற்கு முன் சர்ஜனே மூட்டைச் சுற்றி மருந்தை நிறைய ஊசியாகப் போடும் முறையும் உண்டு. சிட்னியைச் சேர்ந்த கெர், கோஹன் என்ற இரண்டு பேர் 2008இல் அதை விரிவாக எழுதிய பிறகு பரவியது. அதையும் பிளாக்கையும் சேர்த்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மருந்தின் மொத்த அளவைத்தான் அப்போது கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, விடும் நேரத்துக்கு வருவோம்.

1898இல் ஜெர்மனியில் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன் ஸ்பைனல் ஊசியைத் தன் உதவியாளர் ஹில்டபிராண்டுக்குப் போட்டுப் பார்த்தார். அன்றைக்கு இருந்த மருந்து கொகெய்ன்தான். கால் மரத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஊசியால் குத்தினார், எரியும் சுருட்டால் சுட்டார், கணுக்காலுக்கு மேலே முன் எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். உதவியாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் சந்தோஷமாக வைனும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். பிறகு மருந்து விட்டது. அடித்த இடமெல்லாம் கன்றிப்போய், ஹில்டபிராண்டுக்குக் காலில் வலி. பல டாக்டர்கள் மேடையில் சிரிப்புக்காகச் சொல்லும் கதை இது. எனக்கு மூட்டு மாற்று நோயாளிகளுக்கென்றே நடந்த கதை மாதிரி இருக்கிறது. உணராத நேரத்தில் நடந்தது நடந்ததுதான். மருந்து விட்டதும் எல்லாம் ஒரே சமயத்தில் தெரியும்.

என் முதல் முழங்காலில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தபோது, "வலியே இல்லைம்மா, வேண்டாம்" என்றேன். அவரும் சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். விடியற்காலையில் வலி வந்தது. மெதுவாக ஏறி வரவில்லை. மூட்டுக்குள்ளிருந்து எரிச்சலாக, திகுதிகுவென்று, பத்துக்கு ஒன்றிலிருந்து நேராக ஒன்பதுக்குப் போனது. அப்புறம் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வயிற்றில் கரைந்து வேலை செய்ய முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் தாங்க முடியாமல் மார்ஃபின் ஊசி. அதனால் குமட்டல், தலைசுற்றல். அன்றைய பிசியோதெரபி போயிற்று. மலச்சிக்கல் வேறு அடுத்த சில நாட்களுக்கு. ஒரு மாத்திரையை நேரத்துக்குப் போடாததன் விலை அது.

இதை மருத்துவத்தில் ரீபவுண்ட் வலி என்கிறார்கள். பிளாக் போட்டவர்களில் கணிசமானவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் வரும். வயது குறைந்தவர்களுக்கும், எலும்பில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் அதிகம் வருகிறது. இதற்குப் பயந்து பிளாக்கே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் இரவைத் தூங்கிக் கழிப்பதற்கும், முதல் மணி நேரங்களில் மார்ஃபின் வகை மருந்துகளைக் குறைப்பதற்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விடும் நேரத்துக்கு முன்னால் மற்ற மருந்துகள் ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சிறுநீரகமும் வயிறும் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை, டாக்டர் எழுதினால் படுக்கும் முன் அதைவிட வலுவான ஒன்று. வலிக்கிறதா என்று பார்த்துப் போடுவதல்ல, கடிகாரத்தைப் பார்த்துப் போடுவது.

இரண்டாவது தடவை பிளாக் போட்ட நேரத்தைக் கேட்டு வாங்கி, கட்டில் தலைமாட்டில் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னேன். என் மகள் ராத்திரி அலாரம் வைத்து எழுப்பி மாத்திரை கொடுத்தாள். முனகிக்கொண்டேதான் விழுங்கினேன். விடியும்போது முட்டிக்கு உள்பக்கம் குறுகுறுப்பு வந்தது, பிறகு லேசான சூடு, பிறகு வலி. வலி இருந்தது. பத்துக்கு நாலு, ஐந்து இருக்கும். ஆனால் பேச முடிந்தது, எழுந்து நிற்க முடிந்தது. அந்தக் குறுகுறுப்புதான் அடையாளம். அது தொடங்கியதுமே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். தாங்கிப் பார்ப்போம் என்று இருப்பதில் பெருமை எதுவும் இல்லை.

பிளாக்கை நீட்டிக்க வழி உண்டா என்றால், உண்டு. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுத்தால் சில மணி நேரம் கூடும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அன்று ரத்தச் சர்க்கரை ஏறலாம், அதைப் பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, மெல்லிய குழாயை அங்கேயே விட்டு இரண்டு மூன்று நாள் மருந்தைச் சொட்டு சொட்டாகச் செலுத்துவது. வலிக்கு நல்லது. ஆனால் குழாய் நகர்ந்துவிடும், கசியும், தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டும்.

ஆபத்துகள் பற்றிப் பேசாமல் விடக் கூடாது. மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் போனாலோ அளவு மிஞ்சினாலோ மூளையையும் இதயத்தையும் தாக்கும். வாயைச் சுற்றி மரத்துப்போதல், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் இவைதான் ஆரம்ப அறிகுறிகள். அதனால்தான் ஊசி போடும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இப்படி ஏதாவது தோன்றினால் உடனே சொல்லிவிட வேண்டும். இது அரிது. வந்தால் கொடுக்க மாற்று மருந்தும் இருக்கிறது: சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு டிரிப்ஸில் ஏற்றும் கொழுப்புத் திரவம்தான் அது. கய் வெய்ன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1998இல் எலிகளில் அதைக் காட்டினார். 2006இல் முதன்முதலாக ஒரு மனிதரின் நின்றுபோன இதயத்தை அதை வைத்து மீட்டார்கள். இப்போது பிளாக் போடும் இடத்தில் அந்தத் திரவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி மாதிரி.

நரம்புக்கே நிரந்தரப் பாதிப்பு என்பது மிக மிக அரிது. சில வாரம் நீடிக்கும் குறுகுறுப்பு அதைவிட அடிக்கடி வரும், பெரும்பாலும் தானாகவே சரியாகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், ஏற்கெனவே சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், மரக்க வைக்கும் ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மரத்திருக்கும் காலைப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான். ஐஸ் பையை மறந்துபோய் மணிக்கணக்கில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பை பக்கமே போகக் கூடாது. குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காமல் யாராவது அவ்வப்போது பார்க்க வேண்டும். சுட்டாலும் அழுத்தினாலும் உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. தழும்புக்கு வெளிப்பக்கம், முட்டிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மரத்தே இருக்கும். எனக்கு இரண்டு முட்டியிலும் இருக்கிறது. பலர் இதை "பிளாக் போட்டதால் வந்த பாதிப்பு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது பிளாக்கால் வருவதில்லை. முன்பக்கத் தோலைக் கிழிக்கும்போது சஃபினஸ் நரம்பின் ஒரு சின்னக் கிளை குறுக்கே வருகிறது, அது பெரும்பாலும் அறுபட்டே தீரும். மாதக்கணக்கில் அந்த இடம் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கும். முட்டி போடும்போது விநோதமாக இருக்கும், மற்றபடி தொந்தரவு இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு. சொன்ன நேரம் கடந்து ஒரு முழு நாள் போயும் கால் மரத்தே இருந்தால், பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டால், அல்லது மருந்துகளுக்கு அடங்காமல் கெண்டைக்கால் இறுகி வலி ஏறிக்கொண்டே போனால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள்.